சந்தனம் பூசிய ரொக்கெட்

பரிமளம் மச்சாள் எங்கள் வேலிப் படலையைத் திறந்தபோது நான் முற்றத்தில் மா அரித்துக்கொண்டிருந்தேன். அவள் கையில் ஒரு தட்டம். தட்டத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, நடுவில் பட்டுத் துண்டால் மூடின நீளப் பெட்டி. பின்னால் அவளுடைய தமையன் தில்லையம்பலம் மாஸ்டர் குடையோடு வந்தார். குடை அவருக்கு. வெயில் தங்கச்சிக்கு.

“குகன் அனுப்பியிருக்கிறான் மச்சாள். வசந்திக்காம்,” என்றாள்.

குகன் அவளுடைய மகன். லண்டனில் இஞ்சினியருக்குப் படித்து அங்கேயே வேலை பார்த்தான். வசந்தி என் மகள். இரண்டு பேருக்கும் கலியாணம் பேசத் தொடங்கி ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. மாப்பிள்ளை பெட்டி அனுப்பினால் உள்ளே என்ன இருக்கும்? நான் மாக்கையைக் கழுவிவிட்டு ஓடி வந்தேன். சேலை என்ன நிறமாயிருக்கும் என்று வருகிற வழியிலேயே இரண்டு நிறம் நினைத்தும் விட்டேன்.

துண்டை எடுத்தாள். மூடியைத் திறந்தாள்.

உள்ளே ஒரு கடுதாசிக் குழல். மீன்செட்டை மாதிரி வெட்டின நாலு மெல்லிய பலகைத் துண்டு. சிவப்புப் பிளாஸ்ரிக்கில் கூராக ஒரு தலை. செம்மஞ்சள் நிறத்தில் மடித்த பொலித்தீன். பள்ளிக்கூட வெண்கட்டி அளவில் மூன்று வெடிமருந்துக் குழல். கட்டாக இங்கிலீசுக் கடுதாசி.

சாய்மனைக் கதிரையில் கிடந்த என் வீட்டுக்காரர் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு மறுபடி சாய்ந்துகொண்டார்.

“ரொக்கெட்,” என்றாள் வசந்தி, கதவு நிலையைப் பிடித்தபடி. அவளுடைய முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டு கன காலம்.

ஏன் சேலை வரவில்லை

போன கிழமை இந்தப் பக்கத்தில், கலவரத்தில் எங்கள் பதுளைக் கடை எரிந்ததையும், உடுத்த உடுப்போடு கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கினதையும் எழுதியிருந்தேன். படித்தவர்கள் அழுததாகச் சொன்னார்கள். அழுதது காணும். இது அதற்கு அடுத்த வருஷத்துச் சங்கதி.

கடை இருந்த காலத்தில் நாங்கள் ஊருக்கு வந்து நிற்கும்போது பரிமளம் எங்களைப் பார்க்க வந்தால் செருப்பைப் படலையடியிலேயே கழற்றுவாள். நாங்கள் சொந்த ஊரான கரம்பொனுக்கு வெறுங்கையோடு வந்து சேர்ந்த பிறகு அந்தச் செருப்பு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வரத் தொடங்கியது. முதலில் கிணற்றடி வரை வந்தது. பிறகு முற்றம். இந்தப் பெட்டி வந்த அன்று வாசற்படியில் நின்றது.

நாங்கள் வந்து சேர்ந்த முதல் கிழமை அவள் எனக்கு ஒரு பழஞ்சேலை கொண்டுவந்தாள். உடுத்துப் பழகினது, மெதுவாயிருக்கும் என்றாள். நான் வாங்கிக் கொடியில் போட்டேன். உடுக்கவில்லை. ஒரே சேலையைத் தோய்த்துத் தோய்த்து மூன்று மாதம் கட்டினேன். அவளுடைய சேலை கொடியில் கிடந்து வெயிலில் நிறம் போனது. வரும்போதெல்லாம் அவள் அதைப் பார்ப்பாள். அவள் பார்ப்பதை நான் பார்ப்பேன்.

கலியாணப் பேச்சு கடை இருந்த காலத்தில் தொடங்கினது. கடை போனதும் அது பரிமளத்துக்குத் தொண்டையில் மாட்டின மீன்முள்ளாகிவிட்டது. விழுங்கவும் ஏலாது, துப்பவும் ஏலாது. கடை எரிந்ததும் கைவிட்டாள் என்று ஊர் சொல்லுமே.

ரொக்கெட் வந்த காரணமும் அவளேதான். வசந்திக்கு என்ன விருப்பம் என்று குகன் எழுதிக் கேட்டிருக்கிறான். தாய் வந்து விசாரித்தாள். என் மகள் ஒரு நிறம் சொல்லுவாள், இல்லாவிட்டால் ஒரு சங்கிலிமாதிரி சொல்லுவாள் என்று நான் பார்த்துக்கொண்டு நிற்க, இவள் “பௌதிகம்” என்றாள். உயர்தரத்தில் அதைப் படித்தவள். கொஞ்சப் புள்ளியில் பல்கலைக்கழகம் தவறினது. பரிமளம் வாய்க்குள் சிரித்துக்கொண்டு அதை அப்படியே எழுதிப் போட்டாள். இப்படியொரு விசர்ப்பிள்ளை நமக்கு வேண்டாம் என்று மகன் எழுதுவான் என்று பார்த்தாள். மகன் ரொக்கெட் வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டான்.

அன்று பின்னேரம் வசந்தி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்.

“அம்மா, கட்டினால் நான் இவரைத்தான் கட்டுவன். கேட்ட கேள்விக்குச் சொன்ன மறுமொழி விளங்கின ஆள்.”

என் பிள்ளை வாய் திறந்து ஒன்றை வேண்டும் என்று கேட்டது கடை எரிந்த பிறகு அதுதான் முதல் தடவை. ஆனால் சேலையாக வந்திருந்தால் நானும் ஒருக்கால் உடுத்துப் பார்த்திருக்கலாம் என்ற யோசனையும் வந்தது. பொய் எழுதக்கூடாது.

காயக் காய நிமிரும்

பெட்டி வசந்திக்கு வந்தது. பொறுப்பை எடுத்தவர் மாஸ்டர். மருந்துச் சாமான், பொம்பிளைப்பிள்ளைகள் தொடப்படாது என்று சொல்லி, எங்கள் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பைத் தன் மடியில் செருகினார். தினமும் பின்னேரம் எங்கள் மேசையில்தான் வேலை. தேத்தண்ணி எங்களுடையது அல்லவா.

மாஸ்டரைப் பற்றி ஒரு சங்கதி. முப்பது வருஷம் விஞ்ஞானம் படிப்பித்தவர். எனக்குப் பிள்ளை பிறக்க முதல் ஒரு சூரிய கிரகணம் வந்தது. வெறுங்கண்ணால் பார்த்தால் குருடாகிப் போவீர்கள் என்று ஊரைப் பயமுறுத்தி, வீடு வீடாகக் கண்ணாடித் துண்டு கொடுத்து, விளக்குப் புகையில் கரி பிடிக்கச் சொன்னார். ஊர் முழுக்கக் கரிபிடித்த கண்ணாடியோடு வெளியில் நின்றது. சூரியனை முகில் மூடிவிட்டது. கிரகணத்தை ஒருவரும் காணவில்லை. ஆனால் எல்லாருடைய மூக்கிலும் கரி. அடுத்த நாள் மாஸ்டர், முகில் வரும் என்று தான் முன்னமே சொன்னதாகச் சொன்னார்.

ரொக்கெட்டும் அதே கையால்தான். இங்கிலீசுக் கடுதாசியை இரண்டு தரம் இங்கிலீசில் படிப்பார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து எங்களுக்குத் தமிழில் சொல்லுவார். இங்கிலீசில் அரைப்பக்கம் வருவது தமிழில் “ஒட்டவேணும்” என்று முடியும். பிறகு ஒட்டுவார். முதல் நாள் ஒட்டின இரண்டு செட்டையில் ஒன்று சரிவு, மற்றது தலைகீழ்.

எங்கள் அலுமாரிக் கதவைக் கொஞ்சம் தூக்கினால் திறப்பில்லாமலே திறக்கும். அது வீட்டாருக்குத்தான் தெரியும். காலையில் வசந்தி அதைத் திறந்து, பிளேட்டால் கழற்றி, படத்தைப் பார்த்து ஒழுங்காக ஒட்டிவிட்டு மூடிவிடுவாள்.

பின்னேரம் மாஸ்டர் வந்து எடுத்துப் பார்ப்பார். “பாத்தீரே,” என்பார் என் வீட்டுக்காரரிடம். “நேற்று ஒரு சரிவு மாதிரித் தெரிஞ்சது. காயக் காய நிமிர்ந்துபோட்டுது.”

இப்படி மூன்று கிழமை. மாஸ்டர் கோணலாக ஒட்டுவார், அது காயக் காய நிமிரும். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் மிச்சம் விளங்கும்தானே என்று கடுதாசியை மடித்துவிட்டார். அந்தக் கடைசிப் பக்கத்தில்தான் சங்கதியே இருந்தது. வசந்தி அதைப் படித்து, பொலித்தீன் பரசூட்டை மடித்து உள்ளே வைத்து, சிவப்புத் தலையை மேலே பொருத்தினாள். எப்படிப் பொருத்தினாள், ஏன் அப்படிப் பொருத்தினாள் என்று எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டாம் வகுப்போடு நின்ற நான் பௌதிகத்தில் என்ன கேட்கிறது?

பரிமளம் வைத்த சகுனம்

எங்கள் ஊரில் ஒரு காரியத்தில் மனம் இரண்டுபட்டால் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். சாமிக்கு முன்னால் போட்டு ஒன்றை எடுக்கச் சொல்லுவார்கள். வெள்ளை வந்தால் நடத்து, சிவப்பு வந்தால் விடு. பழி சாமியின் தலையில். மனிதர் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னலாம்.

ரொக்கெட் முடிந்த கிழமை பரிமளம் வந்தாள். வாழைப்பழம் இல்லை. செருப்பு வாசற்படியில்.

“மச்சாள், எனக்கு மனசிலை ஒண்டுமில்லை,” என்று தொடங்கினாள். மனதில் நிறைய இருக்கிறவர்கள்தான் அப்படித் தொடங்குவார்கள். “பூக்கட்டிப் பாப்பம் எண்டுதான் யோசிச்சனான். பேந்துதான் நினைச்சன், பிள்ளை அனுப்பின சாமானே இருக்குது. வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பாத்து இதை விடுவம். பழுதில்லாமல் மேலை போய்ப் பழுதில்லாமல் இறங்கினால் தையிலை எழுத்தை வைப்பம்.”

“இறங்காட்டி?” என்று கேட்டேன்.

“அது கடவுள் காட்டின வழி.”

எழுத்து என்கிற கலியாணப் பதிவை ஒரு கடுதாசிக் குழலில் கட்டி வானத்தில் விடுகிற பெண்ணை நான் அன்றைக்குத்தான் கண்டேன். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால், பயந்துவிட்டாள் என்பாள். அவளுக்குப் பயந்தேன் என்று பெயர் வாங்க எனக்கு மனமில்லை.

“விடுவம்,” என்றேன்.

அவள் போன பிறகு வசந்தி குசினிக்குள் வந்தாள். கோபிப்பாள் என்று நினைத்தேன். “அது இறங்கும் அம்மா. நான்தானே செய்தனான்,” என்று மட்டும் சொன்னாள்.

ஆடின தலை

வெள்ளிக்கிழமை காலை குளித்து, விளக்கேற்றி, மாஸ்டர் முதல் நாளே பூசைக்கென்று எடுத்துத் தந்த ரொக்கெட்டைப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் தட்டத்தில் வைத்தேன். தேங்காய் வைத்தேன். பூ வைத்தேன். வசந்தி அப்போதே தோட்டத்துக்குப் போய்விட்டாள். உயரம் அளக்கவாம். பாகைமானியில் நூல் கட்டி நூலில் ஒரு திறப்பைத் தொங்கவிட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

கும்பிட்டுவிட்டு ரொக்கெட்டைக் கையில் எடுத்தேன். தலை ஆடியது.

ஆறு வயதுப் பிள்ளையின் முன்பல் மாதிரி ஆடியது. இழுத்துப் பார்த்தேன், கையோடு வந்தது. மூன்று கிழமை இருந்து ஒட்டினவர் தலையை ஒட்டவில்லை. இந்தத் தலை வழியில் கழன்று விழுந்தால் பரிமளம் என்ன சொல்லுவாள்? என் மகளின் கலியாணம் மாஸ்டரின் அரைகுறை வேலையில் போவதா?

சாடி வாய்க்குச் சீலை கட்டி எறும்பு போகாமல் மூடத் தெரிந்தவள் நான். ஒரு மூடியை இறுக்கத் தெரியாதா? குசினிக்குள் போய்க் கோதம்பமாவில் பசை காய்ச்சினேன். பட்டம் ஒட்டுகிற தடிப்பில் இல்லை, அதைவிடத் தடிப்பு. தலையைப் பொருத்தி, சுற்றிவரப் பூசி, அடுப்படியில் வைத்துக் காயவிட்டேன். வெள்ளையாகத் தெரியாமல் இருக்க அதன்மேல் சந்தனத்தைக் குழைத்து வளையமாகப் பூசினேன். நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. ஆட்டிப் பார்த்தேன். மலை மாதிரி நின்றது.

மாஸ்டர் வந்து வாங்கினார். சந்தனத்தைக் கண்டதும் ஒரு நல்ல பக்தி என்றார். என் கைவேலையை அவர் மெச்சினது அதுதான் ஒரே ஒரு தரம்.

எருக்கும்பியில் நட்டது

பரிமளத்தின் புகையிலைத் தோட்டம் அந்த நாளில் வெறுந்தரையாகக் கிடந்தது. அடுத்த போகத்துக்கென்று ஆட்டெருவை ஒரு மூலையில் ஆளுயரத்துக்குக் குவித்திருந்தார்கள். தோட்டத்துக்கு அங்காலே பனைகள், பனைகளுக்கு அங்காலே கடல், கடலுக்கு அங்காலே எதிர்க்கரையில் கடற்படை முகாம்.

நடுத் தோட்டத்தில் ஒரு கம்பி நட்டு, அதில் ரொக்கெட்டை நிறுத்தினார்கள். நாலு ரோச் பற்றரி, நீள வயர், ஒரு சுவிச். சுவிச்சை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தார்கள். கடை போன பிறகு அந்த மனிதர் கையில் யாரும் ஒரு பொறுப்பைக் கொடுத்தது அன்றைக்குத்தான். வசந்தி நூறு அடி தள்ளித் தன்பாட்டில் நின்றாள். கிட்ட வர மாஸ்டர் விடவில்லை.

மாஸ்டர் பத்திலிருந்து பின்னோக்கி இங்கிலீசில் எண்ணினார். ஏழில் ஒரு தடக்கல். மறுபடி பத்திலிருந்து. ஐந்தை இரண்டு தரம் சொன்னார். என் வீட்டுக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு மூன்றிலேயே சுவிச்சை அமத்திவிட்டார்.

சீறிக்கொண்டு போனது. உண்மையைச் சொல்லவேண்டும், அது போன அழகை நான் இன்னும் மறக்கவில்லை. பனைகளுக்கு மேலே, காகங்களுக்கு மேலே, ஒரு வெள்ளைக் கோடு கீறிக்கொண்டு போனது. பரிமளத்தின் வாய் திறந்தபடி இருந்தது. நான் அவளைத்தான் பார்த்தேன்.

உச்சியில் ஒரு சின்ன “டப்”. பின்பக்கத்தால் ஒரு புகை. பிறகு ஒன்றுமில்லை. தலை கீழே திரும்பியது. கீழே திரும்பின தலை அப்படியே வந்தது. பருந்து கோழிக்குஞ்சுக்கு இறங்குகிற மாதிரி நேரே வந்து, பரிமளத்தின் எருக்கும்பிக்குள் சொருகிக்கொண்டது. நாலு செட்டையும் மட்டும் மேலே தெரிந்தது, பனங்கிழங்குப் பாத்தியில் முளை வந்த மாதிரி.

என் வீட்டுக்காரர் சிரித்தார். கடை எரிந்த பிறகு அந்த மனிதர் சிரித்ததே இல்லை. சிரிக்க அவர் தேர்ந்த நேரத்தைப் பாருங்கள்.

“கடவுள் காட்டிப்போட்டார்,” என்றாள் பரிமளம். குரலில் துக்கம் இருந்தது. கண்ணில் இல்லை.

வசந்தி ஓடிப்போய் அதை எருவுக்குள்ளிருந்து இழுத்தாள். துடைத்தாள். தலையைத் திருகினாள். அது வரவில்லை. நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினாள். சந்தனத்துக்குக் கீழே வெள்ளைப் பசை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. அந்தத் தலை ஆடவேண்டிய தலை. மேலே போனதும் கழலவேண்டிய தலை. கழன்றால்தான் பரசூட் வெளியே வரும்.

அவள் வாய் திறக்கவில்லை. ஒரு சொல் சொன்னால் போதும், பிழை கடவுளுடையது இல்லை, அம்மாவுடையது என்று. சொல்லாமல் சந்தனம் பட்ட நகத்தைப் பாவாடையில் துடைத்தாள். தான் கேட்ட ஒரே ஒரு மனிதனை என் மரியாதைக்காக விடப் பார்க்கிறாள்.

பரிமளம் குடையை விரித்தாள், போக.

அவளுடைய பழஞ்சேலையை உடுக்காதவள் நான். கப்பலால் இறங்கின நாளிலும் அவளுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றவள். அந்தக் குடை விரிந்து முடிய முதல் அவளுக்கு முன்னால் போய் நின்றேன்.

“நில்லும் மச்சாள்,” என்றேன். “நான்தான் பசை பூசினனான். தலை ஆடிச்சுது, எனக்கு விளங்கேல்லை. அதாலைதான் திறக்கேல்லை.”

முதலில் மகிழ்ந்தவர் மாஸ்டர்தான். தன் வேலையில் பிழையில்லை என்று ஆகிவிட்டதே. “படிப்பறிவில்லாத ஆக்களைக் கிட்ட விட்டால் இதுதான்,” என்று எருக்கும்பிக்கே கேட்கச் சொன்னார். அவர் ஒட்டின செட்டைகளை யார் நிமிர்த்தினது என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு நின்றேன். அன்று என்னுடைய முறை.

பரிமளம் என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் தலை குனிந்து அவள் பார்த்தது அதுதான் முதல் தரம். அவசரப்படாமல் பார்த்தாள்.

“சந்தனமும் பூசினீரோ?”

“ஓம்.”

“பிள்ளையாருக்கு வைச்ச சந்தனம்?”

“ஓம்.”

“அப்ப பிள்ளையார்தான் வேண்டாமெண்டு மூடியிருக்கிறார்,” என்றாள்.



இரண்டாம் பொட்டலம்

வசந்தி வந்து இடையில் நின்றாள். ரொக்கெட்டில் இன்னும் எரு ஒட்டியிருந்தது.

“மாமி, கோயிலிலை பூக்கட்டிப் பாக்கேக்கை, பொட்டலம் ஈரத்திலை ஒட்டிக்கொண்டு அவிழாட்டி என்ன செய்யிறது?”

பரிமளம் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். தெரியாது என்று சொல்ல ஏலாது.

“வேறை பொட்டலம் போட்டு எடுக்கிறது,” என்றார் மாஸ்டர். அவருக்குக் கேள்வி கேட்டால் மறுமொழி சொல்லாமல் இருக்க ஏலாது. முப்பது வருஷப் பழக்கம். தங்கச்சி அவரைப் பார்த்த பார்வையில் அவர் குடைக்குள் ஒதுங்கினார்.

“அப்ப இன்னும் ரெண்டு மருந்துக் குழல் கிடக்குது,” என்றாள் வசந்தி.

தோட்டக் கிணற்றடியில் ரொக்கெட்டின் தலையைக் கழுவினாள். பிளேட்டால் பசையைச் சுரண்டினாள். பரசூட்டில் ஓரம் கொஞ்சம் கருகியிருந்தது, மடித்து வைத்தாள். தலையைப் பொருத்தி என் கையில் தந்தாள். “ஆட்டிப் பாருங்கோ அம்மா,” என்றாள். ஆட்டினேன். ஆடியது. ஆடவேண்டிய அளவுக்கு.

இந்தத் தரம் கம்பியில் வைத்தவள் அவள். தடுக்க மாஸ்டருக்கு வாய் வரவில்லை. தன் பாகைமானியோடு அவள் பழைய இடத்துக்குப் போய் நின்றதும் மாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

“எண்ண வேண்டாம் மாஸ்டர்,” என்றார் என் வீட்டுக்காரர். அமத்தினார்.

மேலே போனது. உச்சியில் “டப்”. தலை கழன்றது. செம்மஞ்சள் பொலித்தீன் ஒரு பூ மாதிரி விரிந்தது. ரொக்கெட் அதில் தொங்கிக்கொண்டு ஆடி ஆடி இறங்கத் தொடங்கியது. பரிமளம் தன்னை மறந்து கையெடுத்துக் கும்பிட்டாள்.

அப்போதுதான் சோளகக் காற்று எழும்பியது.

எதிர்க்கரை

காலையில் இல்லாத காற்று. நாங்கள் பசை சுரண்டி, வாதாடி, கழுவி முடிய மத்தியானமாகிவிட்டது. அந்தப் பருவத்தில் மத்தியானக் காற்று எங்கே போகும் என்று கடற்கரைப் பிள்ளைக்கும் தெரியும். பரசூட் தோட்டத்தை விட்டது. பனைகளை விட்டது. கடலுக்கு மேலே எதிர்க்கரை முகாமைப் பார்த்து மெல்ல மெல்லப் போனது. பட்டுச்சேலை கட்டி விருந்துக்குப் போகிற மாதிரிப் போனது.

அங்கே ஒரு சைரன் ஊதியது. ஒரு படகு ஸ்ரார்ட் ஆகிற சத்தம்.

முழங்கால் வருத்தத்தால் கோயிலைச் சுற்ற ஏலாது என்று பத்து வருஷமாகச் சொன்ன மாஸ்டர் வேலியைப் பாய்ந்து போனார். பரிமளம் குடையை விட்டாள், ஒரு செருப்பை விட்டாள், சகுனத்தையும் விட்டாள். என் வீட்டுக்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டு ஓடினார். கடைக்காரப் புத்தி, சாமான் விடமாட்டார்.

நான் திரும்பிப் பார்த்தால் வசந்தி அங்கேயே நிற்கிறாள். பாகைமானி கண்ணில். பிறகு குந்தியிருந்து இங்கிலீசுக் கடுதாசியின் பின்பக்கத்தில் கணக்குப் போடுகிறாள். கையைப் பிடித்து இழுத்தேன்.

“ஒரு நிமிசம் அம்மா, பெருக்கிப்போட்டு வாறன்.”

பெருக்கிவிட்டுத்தான் வந்தாள். அன்று பொழுதுபடும் வரை ஒவ்வொரு வீடும் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தது. முகாமிலிருந்து ஒருவரும் வரவில்லை. அது கடலில் விழுந்திருக்கவேண்டும். மூன்றாவது மருந்துக் குழலை நான் கிணற்றில் போட்டேன்.

அடுத்த நாள் பரிமளம், தோட்டத்தில் விட்ட செருப்பைத் தேடிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தவள் சொன்னாள், மேலே பழுதில்லாமல் போனது உண்மை, இறங்கினதை ஆர் கண்டது என்று. மகனுக்கு எழுதப்போவதாகவும் சொன்னாள். எழுதியும் விட்டாள்: முதல் தரம் எருவுக்குள் விழுந்தது, இரண்டாம் தரம் கடலோடு போனது, சகுனம் சரியில்லை என்று. வசந்தியும் எழுதினாள். அவள் எழுதினது முழுக்க இலக்கம். அப்போது எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், அப்படிப் பார்த்தும் ஒரு இடத்திலும் அன்புள்ள என்று இல்லை.

லண்டன் தபால்

இரண்டு மாதம் கடிதம் இல்லை. அந்த இரண்டு மாதமும் வசந்தி கேட்கவில்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் மட்டும் தேங்காய் துருவுவது நிற்கும். மணி கடந்து போனதும் மறுபடி தொடங்கும்.

ஒருநாள் பரிமளம் வந்தாள். செருப்பைப் படலையடியில் கழற்றினாள். அதைக் கண்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மறுமொழியை அவள் வாயாலேயே கேட்கவேண்டும் என்று கதிரை போட்டு இருத்தினேன். தேத்தண்ணி கொடுத்தேன். அவள் குடித்து முடியும்வரை ஒன்றும் கேட்கவில்லை. பழி தீர்க்கிறதற்கு எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

கடைசியில் மடியிலிருந்து கடிதத்தை எடுத்து ஒரு வரியை மட்டும் படித்தாள். “அம்மா, எருவுக்குள்ளை விழுந்தது முளைக்கும். நாள் பாருங்கோ.”

புகையிலைக்காரியின் மகன்.

வசந்திக்குத் தனியாக ஒரு தாள் வந்திருந்தது. அதிலும் அன்புள்ள இல்லை. அவள் போட்ட உயரக் கணக்கு பிழையாம். நிலத்திலிருந்து அவளுடைய கண் இருக்கிற உயரத்தைக் கூட்ட மறந்துவிட்டாளாம். அவள் இரண்டு தரம் படித்தாள்.

“அது என்ரை பிழைதான்,” என்றாள். “ஆனால் காத்து இழுத்ததை இவர் கணக்கிலை எடுக்கேல்லை. பரவாயில்லை, திருத்தலாம்.”

எழுத்துக்குத் தை என்றார்கள். சண்டையால் குகன் ஊருக்கு வர ஏலாத காலம். அந்தத் தையும் போய், அடுத்த தையும் போய், கடைசியில் சென்னையில் ஒரு வாடகை மண்டபத்தில்தான் நடந்தது. வாசலில் பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுத்தது பரிமளம். மண்டபம் நிறையச் சனம் வைத்துக்கொண்டு, “சந்தனக் கிண்ணத்தை இவவிட்டைக் குடுத்துப்போடாதையுங்கோ,” என்று என்னைக் காட்டிச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கவேண்டிய இடம் அது.

பிறகு மணவறையில் மாப்பிள்ளைக்குப் பொட்டு வைக்க என்னைக் கூப்பிட்டார்கள். கிண்ணத்தை வாங்கினேன். சந்தனத்தை விரலில் எடுத்தேன். பழக்கதோஷம், கொஞ்சம் கூடத்தான் எடுத்தேன்.

வசந்தி குனிந்த தலை நிமிராமல், எனக்கும் அவனுக்கும் மட்டும் கேட்கச் சொன்னாள்.

“மெல்லிசாய் வையுங்கோ அம்மா. இந்தத் தலையும் திறக்கவேணும்.”